கம்பிக்கு அந்தப் பக்கம்

“…அதனாலதான் சொல்லுதேன், பெண்கள் குளிக்கிற பக்கம், படி ஏறினதும் ஒரு ரூம் சும்மா கெடக்குல்லா, அத மட்டும்…”

பெரியம்மா இவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் எதிரே இருந்த லாட்ஜ் அண்ணாச்சி மேசையைத் தட்டி, “டாக்டரம்மா சொல்லுதது நூத்துக்கு நூறு சரி!” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணாச்சி அதே மூச்சில் பேச்சைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். போன சீசனில் கேரளத்து வண்டிகள் அவருடைய லாட்ஜ் வாசலை எப்படியெல்லாம் மறித்து நின்றன என்பதை, வண்டியின் நிறம் முதற்கொண்டு சொல்லி முடித்தார். அவர் முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குற்றாலத்தில் சாரல் இறங்குவதற்கு முன்னால், மே மாதக் கடைசியில் பேரூராட்சித் தலைவர் சீசன் கூட்டம் என்று ஒன்று போடுவார். லாட்ஜ்காரர்கள், கடைக்காரர்கள், போலீஸ், தீயணைப்பு, கரண்ட் ஆபீஸ் எல்லோரும் வருவார்கள். அந்த வருடக் கூட்டத்தில் பெண் என்று இருந்தது இரண்டே பேர். ஒன்று, அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரான என் பெரியம்மா. இன்னொன்று, மூன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த நான். முழுப் பரீட்சை லீவுக்குத் தென்காசியிலிருந்து பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பெரியப்பா மருந்துக்கடைக்குச் சரக்கு எடுக்கத் திருநெல்வேலி போய்விட்டதால், வீட்டில் விட ஆளில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு அவள் பக்கத்து நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஒரே குழப்பம். பெரியம்மா ஏன் பாதியில் நிறுத்தினாள்? மீதி எனக்கே தெரியுமே!

முந்தின நாள் சாயங்காலம் என்னை நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்து, “நீதாம்ட்டி தலைவரு. நான் பேசுதேன், கேட்டுக்கோ,” என்று சொல்லி, கூட்டத்தில் பேசப்போவதை முழுக்கப் பேசிக் காட்டியிருந்தாள். தலைவர் என்ற முறையில் நான் கேள்வியும் கேட்டேன். “அப்ப அந்தக்கா அழுதாளா பெரியம்மா?” என்று.

அந்தக்கா ஆலங்குளத்துக்காரி. போன சீசனில் அருவியில் குளிக்கும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துபோனது. வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் ஆம்பிளைக் கூட்டத்துக்கு நடுவில்தான் தூக்கிவர வேண்டும். சேலை முழுக்க நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. “நான் வரமாட்டேன், என்னய விட்டுருங்க,” என்று சொல்லிவிட்டு, படியோரத்தில் ஒரு கடைக்குப் பின்புறமாக ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சிக்காரி லாட்ஜுக்கு ஓடி மாற்றுச்சேலை எடுத்துக்கொண்டு, அந்த நெரிசலில் நீந்தித் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தபோது கால் பூசணிக்காய் மாதிரி இருந்ததாம். அப்படி உட்கார்ந்தவள் அவள் ஒருத்தி மட்டுமில்லை. ஆஸ்பத்திரியில் பெரியம்மா ஒவ்வொருத்தியிடமும் கேட்டு வைத்திருந்தாள்.

கேட்பதில் பெரியம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. வடகரையிலிருந்து வருகிற ஒரு கிழவர் சொல்வார்: “அந்தம்மா நம்ம பாட்ட முழுக்கக் கேட்டுக்கிடும். நடுவுல ஊசி எப்பப் போட்டுச்சுன்னே நமக்குத் தெரியாது.” ஆட்கள் சொன்ன சொல்லைச் சேர்த்துவைக்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பெண்கள் பக்கத்துப் படிக்கட்டை ஒட்டிக் கிடந்த அந்தக் காலி அறை. அதில் ஒரு கட்டில், உலர்ந்த துணி கொஞ்சம், ஒரு நர்ஸ். அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் கார்கள் ஒருவழியாக நகர்ந்ததும் பெரியம்மா மறுபடி தொடங்கினாள். “போன சீசன்ல வழுக்கி விழுந்த பெண்கள்…”

“கரெக்ட் மேடம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “பெண்கள் பாதுகாப்புதான் நமக்கு முதல்ல.” அங்கிருந்து அவர் கேமராவுக்குப் போனார். கேமராவிலிருந்து கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து கரண்டுக்கும் பேச்சு போயிற்று. கரண்ட் ஆபீஸ்காரர் குரங்குகள் ஒயரில் ஊஞ்சலாடுவதைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடப் பெரியம்மாவை மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று தெரிவதற்கு முன்பே ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு மரியாதை.

எட்டு வயதில் எனக்குத் தோன்றியது வேறு. பாவம், பெரியம்மாவுக்குப் பேச்சு மறந்துபோய்விட்டது. ஆண்டுவிழாவில் எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது, பாதியில் நின்று பாவாடையைத் திருகியிருக்கிறேன். எனவே அவள் காதருகே போய், “ஆலங்குளத்துக்காரி ஒருத்தி…” என்று எடுத்துக்கொடுத்தேன்.

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

டீ வந்தது. “டாக்டரம்மா, அந்தத் தட்ட அப்படியே இங்கன தள்ளுங்க,” என்றார் ஒருவர். தள்ளினாள். தள்ளிக்கொண்டே, “அந்த ரூம் விஷயம்…” என்றாள்.

“எந்த ரூம்? படிக்குப் பக்கத்துல உள்ளதா?” அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நல்லவேளை ஞாபகப்படுத்துனிய! தலைவரே, சாரல் விழா நாற்காலியெல்லாம் போடுததுக்கு எடமில்லன்னு தவிச்சோமே, அங்கன அடுக்கிருவோம்.”

“நல்ல யோசனை,” என்றார் தலைவர்.

“தலைவரே, நான் சொன்னது அதுக்கு இல்ல…”

“ஆகட்டும் டாக்டரம்மா. எதுக்கும் நேர்ல ஒரு எட்டு பாத்துருவோம். வாங்க, வாங்க.”

எல்லோரும் எழுந்து அருவிக்கு நடந்தார்கள்.

மே மாதத்து அருவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பொட்டுத் தண்ணீர் இருக்காது. உச்சியிலிருந்து கறுப்பாக ஒரு ஈரக்கோடு மட்டும் பாறையில் இறங்கும். ஆளில்லாத கடைகள், நிழலில் தூங்குகிற நாய்கள். வழிநெடுக அண்ணாச்சி கையை நீட்டி நீட்டி நாற்காலியை எப்படி அடுக்குவது என்று விளக்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ ஏதோ சொல்லத் தொடங்கி விட்டுவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கிற இரும்புக் கம்பியைச் சுற்றி, பெண்கள் பக்கத்துப் பாறைக்குப் போய்விட்டாள்.

பின்னால் வந்த கூட்டம் கம்பியோரம் நின்றுவிட்டது.

அண்ணாச்சி ஒரு காலைத் தூக்கியவர், ‘பெண்கள் மட்டும்’ என்ற பலகையைப் பார்த்ததும் தூக்கிய காலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“வாங்க அண்ணாச்சி, வந்து பாருங்க,” என்றாள் பெரியம்மா.

“நாங்க எப்படி டாக்டரம்மா… லேடீஸ் பக்கம்லா?”

“தண்ணியே இல்லியே.”

“இல்லாட்டா என்ன, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?” அவர் கூச்சமாகச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தலைவர் மலையைப் பார்த்தார். அந்தப் பக்கம் குளிக்க ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்து தாண்டாத கம்பியை அவர்களால் தாண்ட முடியவில்லை.

பெரியம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டினாள்.

“நான் வழுக்கி விழுந்துட்டேன் அண்ணாச்சி. கால் ஒடிஞ்சிட்டு. யாரு வந்து தூக்குதிய? வாங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. யாரும் வரவும் இல்லை.

“இப்ப சேல காஞ்சிருக்கு. உங்களால வர முடியல. நனைஞ்சு போயி ஒருத்தி இங்கன கெடந்தா, உங்களக் கூப்பிடுவாளா?” பெரியம்மா குரலை உயர்த்தவே இல்லை. “போன சீசன்ல ஆலங்குளத்துக்காரி ஒருத்தி…”

எனக்கு உயிர் வந்தது. ஞாபகம் வந்துவிட்டது பெரியம்மாவுக்கு! கடைக்குப் பின்புறம், தங்கச்சி, மாற்றுச்சேலை, பூசணிக்காய்க் கால் எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை அண்ணாச்சி, “உள்ளதுதான், நாமளும்…” என்று வாயெடுத்தார். தலைவர் அவர் கையைத் தொட்டார். அந்த அறை, கட்டில், உலர்ந்த துணி, நர்ஸ் என்று கடைசிச் சொல்வரை பெரியம்மா சொல்லி முடித்தாள். நானும் வாய்க்குள் கூடவே சொல்லி முடித்தேன்.

அந்த அறை கிடைத்தது. கட்டிலை அண்ணாச்சியே தன் லாட்ஜிலிருந்து கொடுத்தார். துணிக்கடைக்காரர் ஒருவர் நைட்டிகள் கொடுத்தார். சீசன் முழுவதும் அண்ணாச்சி வந்தவர் போனவரிடமெல்லாம், “நானும் டாக்டரம்மாவும் சேந்து யோசிச்சதுல்லா,” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பெரியம்மா அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் அன்றைக்கு அந்தப் பாறையில் எனக்கு விளங்காத ஒன்று நடந்தது.

“சரி டாக்டரம்மா, ரூம் உங்களுக்குத்தான். எந்திரிங்க, பாற சுடும்,” என்றார் தலைவர். உண்மையிலேயே சுட்டது. உச்சி வெயில். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறி, நான் கால் மாற்றி மாற்றி நின்றேன். முந்தின நாள் பேசிக் காட்டியது அத்தனையும் முடிந்துவிட்டது, மறந்தது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, கேட்டதும் கிடைத்துவிட்டது. இன்னும் என்ன? “வா பெரியம்மா, வீட்டுக்குப் போவோம்,” என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

பெரியம்மா எழுந்திருக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை மடித்துச் சூடு படாமல் அடியில் கொடுத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைத் தன் நிழலுக்குள் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

“அடுத்தது, ஆம்புலன்ஸ் நிக்கிற எடம்,” என்று தொடங்கினாள்.