ஜன்னலோரத்துப் பாட்டில்கள்

ரத்தினபாய் டீச்சர் எதையும் ஒரு தடவைதான் கேட்பார். இல்லை என்று பதில் வந்தால் "சரி சார்" என்று திரும்பிவிடுவார். வகுப்பறைக்கு இன்னொரு விளக்கு கேட்டபோதும் அப்படித்தான், பெண் பார்த்துப் போனவர்கள் பதிலே போடாதபோதும் அப்படித்தான். தங்கமான குணம் என்று தாம்பரத்துத் திருச்சபையே மெச்சிக்கொண்டது. என்ன தங்கமோ போங்கள். அந்தக் குணத்துக்கு ஒரு பிள்ளையின் உயிர் பலியாகும் என்று யார் கண்டது?

கிண்டிக் காட்டுக்குத் தேசியப் பூங்கா என்று பெயர் வந்த சமயம் அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எலெக்ட்ரிக் டிரெயினில் கூட்டிக்கொண்டு டீச்சர் அங்கே போனார். மான்களைக் காட்டி, மரங்களின் பெயர் சொல்லி, பாம்பை ஏன் அடிக்கக் கூடாது என்றும் விளக்கினார் ஜெயவேலு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுவதுதான் அவர் வேலை. திரும்பும்போது ஒரு மரப்பெட்டியையும் கடனாகக் கொடுத்தார். உள்ளே மான் கொம்பு, பாம்பு உரித்த சட்டை, ஸ்பிரிட் பாட்டில்களில் நான்கு பாம்புகள், ஒரு சின்ன டப்பா நிறையக் கலர் சிலைடுகள்.

"பாட்டில்ல கலர் நிக்காது டீச்சர். வெயில் படாம வைங்க. பாம்பு பாடத்துக்கு சிலைடையே போட்டுக் காட்டிடுங்க" என்றார் ஜெயவேலு.

டீச்சர் தலையாட்டினார். பள்ளியில் சிலைடு மெஷின் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது ஹெட்மாஸ்டர் வேதசிரோமணியின் பீரோவில், வெல்வெட் துணிக்குள் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பெரிய வெள்ளிக்கு முன்னால், ஆண்டவரின் பாடுகளைப் படமாகக் காட்டுவதற்கு மட்டும் வெளியே வரும்.

"பாம்புப் படம் போடவா மிஷன்காரங்க இதைக் கொடுத்துட்டுப் போனாங்க?" என்றார் ஹெட்மாஸ்டர், தலை நிமிராமலே.

"சரி சார்."

அவ்வளவுதான். சிலைடு டப்பா பெட்டியின் அடியிலேயே கிடந்தது. வகுப்பறை இருட்டு, பின் பெஞ்சுக்கும் தெரியட்டும் என்று பாட்டில்களை ஜன்னலோரத்தில், நல்ல வெயிலில் வரிசையாக வைத்தார் டீச்சர். பருவம் முழுக்க அவை அங்கேயே இருந்தன. ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்த கட்டுவிரியன், வரியும் மங்கி, டீத்தண்ணி நிறத்துக்குப் போய்விட்டது. டீச்சர் நாகர்கோவிலில் படித்ததும் பாட்டில் பாம்பைப் பார்த்துத்தான். உயிருள்ள கட்டுவிரியனை அவர் கண்டதே இல்லை. பிள்ளைகள் நோட்டில் பழுப்புக் கலர் பென்சிலால் அதை வரைந்தார்கள். டீச்சர் எல்லாருக்கும் சரி போட்டார்.

அந்த வகுப்பில் தனம் என்று ஒரு பெண். கடப்பேரிக்காரி. அப்பா வேதாசலத்துக்குப் பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. சைக்கிளில் வந்து இறங்கினால் தெருவே மூக்கைப் பொத்தும். அந்த வாடைக்குப் பயந்து தனத்தின் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பாம்புப் பாடம் வந்த பிறகு அவள் கையே முதலில் உயர்ந்தது. டீச்சருக்கு அவள் மேல் தனிப் பிரியம். அதை மறைக்கவும் தெரியாது அவருக்கு.

ஒரு நாள் காலை மணி அடிக்கும் முன்பே தனம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றாள். உள்ளே ஒரு முழப் பாம்பு, பளபளவென்ற கறுப்பு, மேலே வெள்ளை வெள்ளையாய் வரி.

"வெறகு அடுக்குல இருந்துச்சு டீச்சர். எங்கம்மா கட்டைய தூக்கினு வந்துச்சு. இது வெசம் இல்லாதது, டீச்சராண்ட காட்டணும்னு நான்தான் குச்சில தள்ளி உள்ள வுட்டேன்."

டீச்சர் பாட்டிலை வாங்கி ஜன்னலோரத்துப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டுவிரியன் பழுப்பு, இது கறுப்பு. அப்படியானால் பாடத்தில் வந்த, வெள்ளை வரி போட்ட விஷமில்லாத ஓநாய்ப் பாம்புதான் இது. கணக்கு சரியாக வந்துவிட்டது.

"கை தட்டுங்க எல்லாரும்" என்றார்.

வகுப்பு கை தட்டியது. தனத்துக்கு அது முதல் தடவை. விரலில் பல் லேசாகப் பட்டுவிட்டது, வலியில்லை என்று அவள் கையை நீட்டினாள். டீச்சர் டிஞ்சர் தடவி, ஊதிவிட்டு, உட்காரச் சொன்னார்.

இரண்டாம் பாட வேளையில் தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று டீச்சர் தன் டப்பாவிலிருந்து இட்லி கொடுத்தார். அவளால் விழுங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் செருகியது.

"என்ன தனம், கை தட்டு வாங்கின அன்னைக்கேவா தூங்குவே?"

"தூக்கம் இல்ல டீச்சர். கண்ணு தொறக்க மாட்டேங்குது."

நாக்கு குழறியது. டீச்சர் பெட்டியைக் கவிழ்த்துச் சிலைடு டப்பாவைத் தேடி எடுத்தார். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மான், நரி, நல்ல பாம்பு. அப்புறம் அது வந்தது. பளபளவென்ற கறுப்பு, வெள்ளை வரி. அட்டை விளிம்பில் கட்டுவிரியன் என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் டீச்சருக்குப் பாதிதான் நினைவு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். பாம்புக்கடி மருந்து பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்றார்கள். யாரோ ஒரு டாக்சியை நிறுத்தினார்கள். மீனம்பாக்கம் தாண்டும்போது மடியில் கிடந்த தனம் வாயை அசைத்தாள். டீச்சர் காதை வைத்துக் கேட்டார்.

"வெசம் இல்லாததுதானே டீச்சர்?"

"ஆமாம்மா" என்றார் டீச்சர். "விஷம் இல்லாததுதான்."

கிண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பாவி டிரைவருக்குத் தெரியாது. அவன் பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனான்.

வேதாசலம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் டீச்சரின் மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும். காரியம் முடிந்து பள்ளிக்கு வந்து தனத்தின் பையை வாங்கிக்கொண்டவர், "டீச்சர் சொன்னா கரெக்டா இருக்கும்னு அவங்கம்மாவாண்ட சண்ட போட்டுகினே போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். விதி என்றார் ஹெட்மாஸ்டர். தேவ சித்தம் என்றது சபை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பாமல் பாடம் நடத்தப் பழகிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அதே எட்டாம் வகுப்பில், அதே பெஞ்சில், தனத்தின் தங்கை அம்மணி வந்து உட்கார்ந்தாள். அந்த வாரமே டீச்சர் கிண்டிக்குப் போய் ஜெயவேலுவிடம் திருப்பிக் கொடுத்திருந்த பெட்டியை மறுபடியும் கேட்டு வாங்கி வந்தார். பிறகு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்.

"அதான் அப்பவே சொல்லிட்டேனே டீச்சர்" என்றார் வேதசிரோமணி.

டீச்சர் நகரவில்லை. மணி அடித்தது, வகுப்புகள் மாறின, பியூன் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். டீச்சர் மேஜைக்கு முன்னால் அப்படியே நின்றார். கடைசியில் ஹெட்மாஸ்டர் பீரோ சாவியை மேஜை மேல் போட்டார்.

டீச்சர் ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டார். மான் வந்தது, நரி வந்தது. அடுத்ததில் கறுப்புப் பாம்பு சுவர் முழுக்க எழுந்தது.

"இது கட்டுவிரியன். கடிச்சா வலிக்காது. ஆள் செத்துப்போவாங்க" என்றார் டீச்சர்.

இருட்டில் அம்மணியின் குரல் கேட்டது.

"எங்க அக்காவுக்கு இந்தப் படம் காட்டுனீங்களா டீச்சர்?"

"இல்லம்மா" என்றார் ரத்தினபாய் டீச்சர். "பெட்டியிலேயே இருந்தது. நான் காட்டலை."