ராணியின் சீப்பு

இந்தச் சீப்பைத் தூக்கி எறியச் சொல்லிச் சொல்லி என் மருமகள் அலுத்துவிட்டாள். ஆமையோட்டில் செய்தது, இரண்டு பல் இல்லை. ஒரு காலத்தில் இது ஸ்பெயின் தேசத்து ராணியின் தலையை வாரியது என்றால் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். விளக்கிச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த நாளில், அங்கே வியாபாரத் துரை ஒருவரின் வீட்டில் நான் ஆயாவாக இருந்தேன். துரைசானி பிரெஞ்சு தேசத்தில் பிறந்தவள். அவர்களுக்கு ஒரே பெண். பிறந்த அன்று கையில் வாங்கியது முதல், குளிப்பாட்டி, தலை வாரி, மடவை மீனில் முள் எடுத்து ஊட்டி வளர்த்தவள் நான்தான். அதனால் அவளுக்கு எங்கள் குப்பத்துப் பேச்சுதான் வந்தது. துரை தன் பாஷையில் ஏதாவது கேட்டால், "இன்னா நைனா?" என்பாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அந்தச் சிரிப்பே பிறகு வினையாக வந்து முடிந்தது.

கடல் தாண்டி, ஒல்லாந்தரின் தீவுப் பட்டணமான பத்தாவியாவில் பெரிய உத்தியோகம் பார்ப்பவனின் சம்பந்தம் வந்தது. பெண் வரலாம், ஆயா வரக் கூடாது. அவள் கூட இருந்தால் இவள் ஒருநாளும் துரைசானி ஆகமாட்டாள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். துரையும் தலையாட்டிவிட்டார். என்னையும் அனுப்பச் சொல்லித் துரைசானியின் காலைப் பிடித்தேன். அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்து, பெட்டியிலிருந்து இந்தச் சீப்பை எடுத்தாள்.

ஸ்பெயின் ராஜாவுக்கு வாழ்க்கைப்படுகிறவள் பெரும்பாலும் வெளிதேசத்துப் பெண்தானாம். அப்படிப் போன ஒரு பிரெஞ்சு இளவரசிக்குத் தலை வாரியவள் துரைசானியின் தாய். எல்லையில் ஓர் ஆறு. பிறந்த வீட்டு ஆட்கள் அதுவரைதான் வரலாம். அங்கே மணப்பெண்ணின் உடுப்பைக்கூட மாற்றிவிட்டு, புது ஆட்கள் கூட்டிப்போவார்கள். அக்கரையில் பேரையும் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக் கூப்பிடுவார்களாம். படகேறும் முன் ராணி இந்தச் சீப்பைத் துரைசானியின் தாய் கையில் கொடுத்தாளாம்.

"ராணி ஆள் அனுப்பறேன்னு சொன்னாங்களாம். எங்கம்மா சாகற வரைக்கும் காத்துனு இருந்தாங்க. நீ காத்துனு இருக்காத," என்றாள் துரைசானி. பெற்றவள் அவள். அவள் முகத்திலும் ஈயாடவில்லை. கண்காணாத ஊருக்குப் பெண் கொடுப்பதில் ராஜா வீடும் துரை வீடும் ஒன்றுதான் போலிருக்கிறது.

முகத்துவாரம் தாண்டி, கடலில் நின்ற கப்பல்வரை படகில் போக மட்டும் எனக்கு உத்தரவு கிடைத்தது. ஏணியடிக்கு வந்தும் பெண் ஏறவில்லை. பின்னலை அவிழ்த்துவிட்டு, அம்மா சீராகக் கொடுத்திருந்த சீப்பை என்னிடம் நீட்டினாள்.

"நீ வரலன்னா என் தலைய யாரு வாருவா ஆயா? இப்போ வாரி வுடு."

மேலேயிருந்து மாலுமிகள் கத்தினார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் வகிடு கோணலாகத்தான் வந்தது. பின்னி முடித்ததும் சீப்பை என் மடியில் போட்டுவிட்டு ஏறிப்போனாள்.

காத்திருக்காதே என்றால் மனசு கேட்கிறதா? துரைசானியும் கண்ணை மூடிவிட்டாள். கப்பல் வரும்போதெல்லாம் கரைக்குப் போய் நின்றேன். கால்வலி கண்டதுதான் மிச்சம். இப்போதுதான், பத்தாவியாவில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர்ச் சமையற்காரன் ஒருவன், நான் வளர்த்தவளைத் தெரியும் என்றான். பெரிய துரைசானியாம். வீடு நிறைய வேலைக்காரிகளாம். எங்கள் பேச்சு அவள் வாயில் வந்து அவன் கேட்டதே இல்லையாம்.

"ஆனா தலைய மட்டும் யாரையும் தொட வுட மாட்டாங்க. தானே வாரிப்பாங்க. வகிடு கோணலா இருக்கும். நாங்கல்லாம் சிரிப்போம்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கருவாடு புரட்டப் போனேன்.