ஒரு ஆட்டுக்குட்டியோடு ராமேஸ்வரத்துக்குக் கிறிஸ்துமஸ் பயணம்

சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கே போவது என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால், முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டு போனோம்.

மகள் யாழினிக்கு ஐந்து வயது, யூகேஜி படிக்கிறாள். போன டிசம்பரில் பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு ஆட்டுக்குட்டி வேடம். வசனம் ஒன்றே ஒன்றுதான்: ‘மே.’ அதற்கு மூன்று வாரம் ஒத்திகை. இட்லி போதுமா என்றாலும் மே, பல் தேய்த்தாயா என்றாலும் மே. என் கணவர் செந்திலுக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். வேடத்துக்கென்று அங்கிருந்து அவருடைய பெரியப்பா பருத்தி அனுப்பிவைத்தார், விதைகூட எடுக்காமல். நான் உட்கார்ந்து விதை பொறுக்கி, வெள்ளைக் கவுனில் பஞ்சை ஒட்டி, கறுப்பு சாக்ஸை வெட்டிக் காது தைத்தேன். விழா அன்று காலையில் தொட்டுப் பார்த்தால் அனல். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து, தானே வேடத்தை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, “அம்மா, இப்ப ஆடு வர்ற நேரமா?” என்றாள். “உனக்கு வேற ஒரு கிறிஸ்துமஸ் இருக்கு பாப்பா, அங்க நீ ஆடா வரலாம்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள்தான் இருந்தது.

உடனே தேட ஆரம்பித்தோம். கொடைக்கானலில் சுமாரான அறைக்கே ஒரு நாளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு அந்தக் குளிரும் ஆகாது. வேளாங்கண்ணிக் கூட்டத்தில் ஆட்டுக்குட்டி மட்டுமில்லை, நாங்களும் தொலைந்து போவோம். நாங்கள் இருக்கும் மதுரையிலேயே ஒரு பெரிய கடைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வருகிறார் என்றார் செந்தில். “அந்தத் தாத்தாகிட்ட ஆடு இருக்குமா?” என்று யாழினி கேட்டதும் அந்த யோசனையும் போச்சு. கடைசியில், போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் விரலை ஊன்றி நிறுத்தினாள். கரையில் ஒரு வள்ளம், அதன் மேல் நட்சத்திர விளக்கு. பாம்பன் பக்கம் எடுத்த படம். மதுரையிலிருந்து நூற்று எழுபது கிலோமீட்டர், குளிர் கிடையாது, சர்ச்சும் குடிலும் உண்டு. ஆட்டுக்கு என்ன வேலை என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

செந்தில் அந்தத் தப்பைச் செய்தது இதற்குப் பிறகுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘நாளைக்கழிச்சு ராமேஸ்வரம் போறோம்’ என்று போட்டுவிட்டார். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் ராமேஸ்வரத்துக்கு யாரும் சும்மா போவதில்லை. திதி கொடுக்கப் போவார்கள், தோஷம் கழிக்கப் போவார்கள், கோயில் கிணறுகளில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப் போவார்கள். கிறிஸ்துமஸுக்குப் போகிறோம் என்பதை இந்த மனிதர் எழுதவே இல்லை. ஐந்தே நிமிடத்தில் பெரியப்பா கூப்பிட்டார்.

“ஏப்பா செந்திலு, போறதே போறீக, எம்பேரைச் சொல்லி இருவத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டு வந்துரு. எனக்கு முழங்காலு ஏலாது.”

அடுத்துச் சித்தி. வயலில் தெளிக்க ஒரு கேன் தீர்த்தம் வேண்டுமாம். அடுத்து அத்தை. மகனுக்குக் கல்யாணம் கூடிவர ஒரு அர்ச்சனை. எல்லாருக்கும் “சரி, சரி” என்று போனைப் பிடித்துக்கொண்டே தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பயணமே நடந்திருக்காது.

இருபத்து நாலாம் தேதி காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினோம். ஆறே முக்காலுக்குப் பரமக்குடியில் இட்லி, வடை, காபி, மூவருக்கும் இருநூற்றுப் பத்து ரூபாய். எட்டு மணிக்கு ராமநாதபுரம், ஒன்பதுக்குப் பாம்பன் பாலம். பாலத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது. எல்லாரும் நிறுத்துகிறார்கள். நாங்களும் இரண்டு நிமிடம் நிறுத்தினோம், திட்டாதீர்கள். டிசம்பரில் வடக்குப் பக்கக் கடல் சீறிக்கொண்டிருக்கிறது, தெற்குப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. யாழினி சன்னலை இறக்கி இரண்டு கடலுக்கும் தனித்தனியாக ஒரு ‘மே’ சொன்னாள்.

ஒன்பதரைக்கு ராமேஸ்வரம். காரை நிறுத்தி இறங்குவதற்குள் ஒருவர் வந்து, “யாருக்குங்க திதி? அப்பாவுக்கா?” என்று கேட்டார். “இல்லங்க, கிறிஸ்துமஸுக்கு வந்தோம்” என்றார் செந்தில். அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். பின்சீட்டில் ஆட்டுக்காதோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். அடுத்த காரைப் பார்த்துப் போய்விட்டார்.

அறை இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், சுத்தமாக இருந்தது. பத்தரைக்கு செந்தில் வேட்டி கட்டிக்கொண்டு, பெரியப்பா சார்பில் நனைவதற்குக் கோயிலுக்குக் கிளம்பினார். “ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்” என்றார். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. அதனால் போனையும் என்னிடமே கொடுத்துவிட்டார். நானும் யாழினியும் தனுஷ்கோடிக்கு ஆட்டோ பிடித்தோம். போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய். ஓட்டியவர் பெயர் அருள், முப்பது வயதிருக்கும்.

கடைசி முனைவரை ரோடு நன்றாக இருக்கிறது, இரு பக்கமும் கடல். காற்றில் ஆட்டுக்காது இரண்டு தடவை பறந்து, இரண்டு தடவையும் அருள்தான் ஓடிப் பிடித்தார். திரும்பும் வழியில், புயலில் அழிந்த பழைய சர்ச்சைப் பார்க்க இறங்கினோம். கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. யாழினி உள்ளே போய் நாலு மூலையும் பார்த்துவிட்டு வந்தாள்.

“இங்க கிறிஸ்துமஸ் இல்லையா?”

“இங்கன இல்ல பாப்பா. புயல்ல எல்லாம் போச்சு” என்றார் அருள்.

“அப்ப நான் எங்க ஆடா வர்றது?” என்று கேட்டு, மணலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் வராத அழுகை அங்கேதான் வந்தது. நான் அருளுக்கு முழுக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் அவர் யோசிக்கவே இல்லை. “எங்க ஊருப் பிள்ளைக இன்னைக்கு நாடகம் போடுதுக அக்கா. அஞ்சரைக்கு. எங்க அக்காதான் சொல்லிக்குடுக்குது” என்று போனை எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அக்கா, ஒரு ஆடு இருக்கு. சாயங்காலம் கூட்டியாரவா?”

“பிரியாணிக்குத்தான் ரெண்டு வாங்கியாச்சுல்ல? என்ன வெல சொல்றாக?”

யாழினி அழுகையை நிறுத்திவிட்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள்.

“அய்யோ, கறிக்கு இல்லக்கா. நாடகத்துக்கு. அஞ்சு வயசுப் பிள்ளை.”

“ஏலே, நம்ம நாடகத்துல ஆடே கெடையாதேடா” என்றது அந்தக் குரல். பிறகு, “சரி, கூட்டியா. பாப்போம்” என்றது.

ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பினோம். இரண்டாகியும் செந்தில் வரவில்லை, மூன்றாகியும் வரவில்லை. மதியம் நடை சாத்தியிருப்பார்கள் என்பதும், ஐயப்ப சாமிகள் கூட்டம் என்பதும் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நாலேகாலுக்கு, செந்தில் வந்தால் கொடுக்கச் சொல்லி, வரவேற்பில் இருந்தவரிடம் அருள் ஊருக்கு வழியை எழுதிக் கொடுத்துவிட்டு, அருளின் ஆட்டோவிலேயே புறப்பட்டோம். பெரியப்பாவின் பாவத்தைக் கழுவப் போய் பெற்ற பிள்ளையின் நாடகத்தைத் தவறவிடப் போகிறாரே என்று வழியெல்லாம் கோபம்.

தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் ஒரு மீனவர் குடியிருப்பு, அறுபது வீடு இருக்கலாம். சின்ன இடம், கூட்டம் போய் நின்றால் தாங்காது என்பதால் பெயரை எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறி நட்சத்திரம் கட்டிக்கொண்டு நின்றன. அருளின் அக்கா ஸ்டெல்லா வார நாளில் மீன் கம்பெனியில் நண்டுச் சதை எடுக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். விவரத்தை அவர்தான் சொன்னார்.

“எங்க பிள்ளைக ஆட்டைக் குழம்புலதான் அதிகம் பாத்துருக்குக. அதனால எங்க நாடகத்துல மேய்ப்பர் இல்ல. கரைவலை இழுக்கிறவுகளுக்குத்தான் வானதூதர் வந்து சேதி சொல்லுவாரு.”

மேடை, சர்ச்சுக்கு முன்னால் மணல்தான். மீன் வேடத்தில் ஆறு பேர், நண்டு இரண்டு, ஆமை ஒன்று. குழந்தை இயேசு அந்த ஊரிலேயே பிறந்த மூன்று மாதக் குழந்தை, நல்ல தூக்கத்தில் இருந்தது. ஸ்டெல்லா குனிந்து, “நண்டா வாரியா தங்கம்? ஒரு சோடி கொடுக்கு மிச்சம் இருக்கு” என்று கேட்டார்.

“நான் ஆடு” என்றாள் யாழினி. உதடு துடித்தது.

நான் மன்னிப்புக் கேட்டுக் கிளம்பிவிடலாம் என்றே நினைத்தேன். அப்போது வலை இழுக்கும் கூட்டத்துக்குத் தலைவியான ஜெனிபர், பத்து வயது இருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “டீச்சர், எங்கய்யா வலையில செருப்பு வருது, பிளாஸ்டிக்கு நாற்காலி வருது. ஆடு வந்தா என்ன?”

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதோடு தீர்ந்தது வழக்கு.

ஐந்து இருபத்தைந்துக்கு செந்தில் ஓடிவந்தார். ஈரத் தலை, நெற்றி நிறைய விபூதி, கையில் தீர்த்தக் கேன். சர்ச் வாசலில் அந்தக் கோலத்தில் நிற்பவரை யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை, நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்கள். “அர்ச்சனைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்னாங்க. வந்துட்டேன். அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார் மூச்சு வாங்க. கோபமெல்லாம் எனக்கு அங்கேயே போய்விட்டது. இதைப் படிப்பார், படிக்கட்டும்.

வானதூதர் வந்தார், சேதி சொன்னார். ஜெனிபர் கூட்டம் ‘ஏலேலோ’ போட்டு வலையை இழுத்தது. வலை வந்து விரிந்ததும் மீன்கள் துள்ளின, நண்டுகள் பக்கவாட்டில் ஓடின, ஆமை ஊர்ந்தது. நடுவில், பஞ்சும் காதுமாக, ஒரு ஆட்டுக்குட்டி. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் வினையாகிவிட்டது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று யாழினி நினைத்துவிட்டாள். முகம் சுருங்கிவிட்டது, வாய் திறந்தபடி நிற்கிறது, மூன்று வாரம் படித்த ஒரே வசனம் வரமாட்டேன் என்கிறது. நான் எழுந்தேவிட்டேன்.

முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர், படகுக்காரர் போலத் தோள் அகலமான ஆள், அவளைப் பார்த்து மெதுவாக “மே” என்றார். பக்கத்திலிருந்தவர் “மே” என்றார். பிறகு பெண்கள் பக்கம். பிறகு மீன், நண்டு, ஆமை எல்லாம். கடைசியில் அறுபது வீட்டு ஜனமும் “மே, மே” என்று கத்திக்கொண்டிருந்தது. யாழினி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம், கழுத்து நரம்பு புடைக்க, எல்லாரையும் விடச் சத்தமாக ஒரு ‘மே’ போட்டாள் பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை இயேசு விழித்து அழ ஆரம்பித்துவிட்டார்.

யாழினி அந்தக் குழந்தையின் பக்கத்தில் போய், பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, சமர்த்தாகப் படுத்துக்கொண்டாள். நாடகம் முடிந்து, பாட்டு முடிந்து, கேக்கும் முறுக்கும் கொடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. என்னவென்று போய்க் கேட்டால், “எழுந்திருன்னு யாரும் சொல்லலையே” என்றாள். ஸ்டெல்லா டீச்சர் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பரில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருப்பதால் அறையை முன்பே பேசிவிடுங்கள். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் ஐந்துக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. அங்கே நிழல் கிடையாது, தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். தீர்த்தம் ஆட ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய்தான், ஆனால் விடுமுறை நாளில் அரை நாள் போய்விடும். காய்ச்சல் விட்ட பிள்ளையைத் தீர்த்தம் ஆட மட்டும் கூட்டிப்போகாதீர்கள். இருபத்தைந்தாம் தேதி ஓட்டல்களில் புது மீனை எதிர்பார்க்க வேண்டாம், பிடிக்க ஆள் போயிருக்க மாட்டார்கள். எந்தக் குடியிருப்புக்குள் போனாலும் முதலில் யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள். கிளம்பும்வரை குடும்பக் குழுவில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

பிள்ளைக்குக் கிடைக்காமல் போன ஒன்றுக்கு ஈடு தேடித்தான் அத்தனை தூரம் போனோம். மனசின் ஓரத்தில் எனக்குக் குறை இருந்தது. என்ன இருந்தாலும் அவள் பள்ளி, அவள் சிநேகிதிகள், அந்த மேடை வேறுதானே என்று. ஜனவரியில் பள்ளி திறந்ததும் அவளுடைய டீச்சர், “பாவம், நம்ம நாடகத்துல நீ இல்லாமப் போயிட்டியே” என்று அவளிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அதற்கு இவள் சொன்ன பதிலை, சிரிப்பை அடக்க முடியாமல் அவரே எனக்குப் போன் செய்து சொன்னார்.

“பரவாயில்ல மிஸ். இங்க எட்டு ஆடு. அங்க நான் ஒருத்திதான்.”