மூச்சு வெட்டாத டேக்

டப்பிங் கூடத்தில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீ கொண்டுவருகிறவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் ஐயோ அக்கா. தொழில் அப்படி. வெளிநாட்டுப் படங்களில் பெண்கள் விழுந்தாலும், அடிபட்டாலும், கைவிடப்பட்டாலும் திரையில் வாய் அவர்களுடையது, சத்தம் இவளுடையது. வசனம் பேச வேறு ஆட்கள் உண்டு. கத்திக் கத்தி அவர்கள் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் வலிக்கு மட்டும் தனி ஆள்.

“இன்னைக்கு என்னக்கா வேலை?” என்பார் டீக்காரர்.

“மாடியிலேர்ந்து ரெண்டு தடவை விழணும். மதியத்துக்கு மேல ஒரு விவாகரத்து. சர்க்கரை கம்மியா போடுப்பா.”

இந்த வேலை அவளைத் தேடி வந்ததுதான். கணவர் இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போனபின், டப்பிங் கூடம் இருந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடையில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. அவள் போட்ட சத்தம், சரியாக மூடாத ஜன்னல் வழியாக, மேலே பதிவாகிக்கொண்டிருந்த படத்துக்குள் போய்விட்டது. திட்டுவதற்காகத் தடதடவென்று இறங்கி வந்த டப்பிங் டைரக்டர் விரலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கட்டுப் போட்டுவிட்டார். முடிச்சுப் போட்டபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. அதே மாதிரி இன்னொரு தடவை கத்த முடியுமா?”

முடிந்தது. அதற்குப் பிறகு அவள் தையல் கடைக்குத் திரும்பவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் வசனத் தாளில், அலற வேண்டிய இடங்களில் ஓரமாக ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்: ஹர்ட். முழங்கால் சிராய்த்தாலும் ஹர்ட். கதவில் விரல் நசுங்கினாலும் ஹர்ட். மகன் போனை எடுக்காவிட்டாலும் ஹர்ட். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அம்மாவுக்கு அந்த மொழியில் நன்றாகத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவளால் வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் மைக்குக்கு முன்னால் நின்று கேட்பாள்.

“உடம்பா, மனசா?”

“மனசுக்கா.”

“யாரு பண்ணது? புருஷனா, புள்ளையா?”

அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். புருஷன் செய்ததற்குக் கொஞ்சம் கோபம் கலப்பாள். பிள்ளை செய்ததற்கு எச்சிலை மட்டும் விழுங்குவாள்.

“அடி, காயம், வலி, நோவு, புண்ணு, மனத்தாங்கல்னு நமக்கு எத்தனை இருக்கு? அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானா? பாவம்.”

“அவங்களுக்கும் எக்கச்சக்கமா இருக்குக்கா. தாள் எழுதறவன் சோம்பேறி” என்பார் டைரக்டர்.

மகள் ஒலிப்பதிவு படித்துவிட்டு அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகள். அவளுடைய பதிவு சுத்தமாக இருக்கும் என்று பெயர். அலறுவதற்கு முன்னால் எந்த நடிகையும் நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பாள்; அது கேட்டால் நடிப்பு தெரிந்துவிடும். மகள் அந்த மூச்சை வெட்டி எடுத்துவிடுவாள். சத்தம் சட்டென்று ஆரம்பிக்கும். உண்மை மாதிரி இருக்கும். வெட்டியபின் முழுப் பதிவையும் அழித்துவிடுவாள். டிஸ்க்கில் இடம் வேண்டுமே.

“என் மூச்சையெல்லாம் எங்கடி போடற?”

“குப்பையில.”

“இங்க இவ்வளவு சுத்தம் பாக்கறவ, வீட்டைக் கூட்டச் சொன்னா மட்டும் இடுப்பு வலிங்கற.”

வீட்டில் அம்மா கட்டில் காலில் இடித்துக்கொண்டு ஐயோ என்றால், மகள் இருந்த இடத்திலிருந்தே “டேக் ஓகே” என்பாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வருடக்கணக்காக ஓடியது. கடைசிக் காலத்தில் சமையலறையிலிருந்து ஒரு முனகல் வந்தபோதும் மகள் “டேக் ஓகே” என்றாள். அம்மா சிரித்தாளா என்பது நினைவில்லை. போய்ப் பார்க்கவில்லை.

விலாவுக்குக் கீழே வலி என்று ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதோட நடமாடியிருக்க முடியாதேம்மா. வலிக்குதுன்னு வீட்ல சொல்லவே இல்லையா?”

அம்மா மகளைப் பார்த்தாள். “லேசாத்தான் இருந்துச்சு” என்றாள். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சத்தமே போடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மகள் வேலைக்குத் திரும்பியதும் டைரக்டர் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, சேரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

“ஒரு படம் பாக்கி நிக்குதும்மா. படிக்கட்டுல விழற ஹர்ட். அக்கா பண்ணிட்டுத்தான் போனாங்க. நீ இன்னும் வெட்டித் தரல.”

“தர்றேன் சார்.”

“முதல் டேக்கையே வெச்சுடு. அப்படி ஒரு டேக் நான் கேட்டதில்ல.”

அவர் போனபின் கோப்பைத் திறந்தாள். அம்மாவின் பதிவுகளில் வெட்டாமல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சுத்தம். எதிலும் மூச்சு இல்லை. எது நடிப்பு, எது நிஜ வலி என்று அவற்றை வைத்து இனி தெரிந்துகொள்ள முடியாது. இதில் தெரியும். ஹெட்போனை மாட்டுவதும் கழற்றுவதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓட விட்டாள்.

அம்மாவின் வளையல் சத்தம். தாள் திருப்பும் சத்தம். “உடம்பா, மனசா?” டைரக்டரின் குரல்: “உடம்புதான்கா. படியில உருள்றா.” “எத்தனை படி?” யாரோ சிரித்தார்கள்.

அப்புறம் அலறல்.

மகள் நிறுத்தினாள். திரையில் அலை வடிவத்தைப் பெரிதாக்கினாள். அலறலுக்கு முன்னால் நேர்க்கோடு. மூச்சு இழுத்ததற்கு ஒரு நெளிவுகூட இல்லை. படத்தோடு வைத்துப் பார்த்தாள். படத்துப் பெண் அப்போது இன்னும் மேல்படியில் நின்று கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். விழவே இல்லை.

அன்றைக்கு எல்லோரும் அம்மா அவசரப்பட்டுவிட்டாள் என்று நினைத்தார்கள். பதிவு தொடர்ந்து ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அம்மாவின் குரல், மெதுவாக: “நல்லா வந்துச்சா?”

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மகளின் குரல்: “சூப்பர்மா. ஆனா முன்னாடியே வந்துட்ட, கொஞ்சம் ஓவர் வேற. இன்னொண்ணு போயிடலாம்.”

“சரிடி. ஒரு நிமிஷம் குடு.”

“தண்ணி வேணுமா?”

“வேணாம், வேணாம். ஓட விடு.”

இரண்டாவது டேக்கில் மூச்சு இருந்தது. நீளமாக, நடுவில் ஒரு இடத்தில் தட்டி நின்று, பிறகு மேலே ஏறிய மூச்சு. அதற்கப்புறம் அலறல், படத்துப் பெண்ணின் கால் வழுக்கிய அதே நொடியில். நல்ல வேலை. அம்மா இருபது வருடமாகச் செய்த வேலை.

மகள் திரையில் வெட்டும் கருவியை மூச்சின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கை பழக்கத்தில் தானாகவே போனது. அங்கேயே நிறுத்தினாள். முதல் அலறலைத் தனியாகப் பிரித்துத் கணினியில் தன் பெயர் போட்ட ஃபோல்டரில் வைத்தாள். இரண்டாவதை அப்படியே படத்தில் ஒட்டினாள்.

சாயங்காலம் டைரக்டர் வந்து போட்டுக் கேட்டார். புருவம் சுருங்கியது.

“இது ரெண்டாவது டேக் இல்ல? முதல் டேக் எங்கம்மா?”

“அது தர முடியாது சார்.”

“அழிஞ்சிடுச்சா?”

“இல்ல. இருக்கு.” ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். “அது டேக் இல்ல சார்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்றோ தையல் கடையில் அம்மாவுக்குக் கட்டுப் போட்ட விரல்கள். நிமிர்ந்து திரையைக் காட்டினார்.

“முன்னாடி மூச்சு கேக்குதே. வெட்ட மறந்துட்டியா?”

“மறக்கல” என்றாள் மகள். “அது இருக்கட்டும்.”

அவர் மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்.