பட்டியல் காலியாக வந்த மதியம்

போன் மணி அடித்தாலே எனக்குப் பயம். இத்தனை வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தும் அது போகவில்லை. ஏன் என்று கேட்கிற ஜூனியர் பிள்ளைகளிடம் இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன்.

2008, 2009 வாக்கில் மதுரை கே.கே. நகரில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தமே ஆறேழு பேர். கோரிப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜாபர் பாய் ஒரு ரத்ததானக் குழு நடத்திவந்தார். அவருக்கு ஒரு சின்ன வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். ரத்த வகையையும் ஏரியாவையும் கொடுத்தால், இன்றைக்கு ரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பெயரும் நம்பரும் வரும். ஒருமுறை கொடுத்தவர் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். அந்தக் கணக்கையும் ப்ரோக்ராமே பார்த்துக்கொள்ளும்.

ஸ்கோப்

வெப்சைட் செய்ய நாங்கள் பயன்படுத்திய ரெயில்ஸ் என்ற மென்பொருளில் அப்போதுதான் ஸ்கோப் என்று ஒன்று வந்திருந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்.க்யூ.எல். வரிகளை நீளநீளமாக எழுதிச் சாவோம். ஸ்கோப்பில் ஒரு நிபந்தனைக்கு ஒரு பெயர் வைத்து ஒரே தடவை எழுதினால் போதும். இந்த வகை, இந்த ஏரியா, கொடுக்கத் தகுதி என்று எங்களிடம் மூன்று ஃபில்டர். வேண்டியவற்றைப் புள்ளி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால், எல்லாம் சேர்ந்து ஒரே கேள்வியாக டேட்டாபேஸுக்குப் போகும்.

எழுதியது பாண்டி. வண்டியூர்க்காரன், கெட்டிக்காரன். அதை அவனே சொல்லிக்கொள்வான். "எம்புட்டு நீட்டா இருக்கு பாருங்கக்கா" என்று ஆபீஸ் முழுக்கக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது.

போன்

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஜாபர் பாய் போன் செய்தார். எப்போதும் வீட்டில் உள்ளவர்களை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அன்றைக்கு எதுவும் விசாரிக்கவில்லை.

"ஏம்மா, பிரசவத்துக்கு வந்த பிள்ளைக்கு ரத்தம் நிக்கலையாம். ஓ நெகட்டிவ் கேக்குறாங்க. நம்ம சைட்டுல போட்டா ஒரு பேருகூட வரல. அது புருஷன் என் கடை வாசல்லயே நிக்கிறான்."

"ஏரியாவ எடுத்துட்டு மதுரை முழுசுக்கும் போட்டுப் பாருங்க பாய்."

"போட்டுட்டேன்மா. அப்பவும் இல்ல. ஆளில்லன்னு சொல்லிரவா? அவனும் வேற பக்கம் ஓடணும்ல."

அரிய வகை, இல்லாமலும் இருக்கலாம். சொல்லிவிடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பக்கத்து சீட்டில் இருந்த பாண்டி திரும்பினான்.

"என்ன குரூப்புக்கா?"

"ஓ நெகட்டிவ்."

"நான் ஓ நெகட்டிவ்தானக்கா. லிஸ்ட்டுல நான் இருக்கேன்ல."

"நீ கடைசியா எப்ப குடுத்த?"

"சித்திரைத் திருவிழா முடிஞ்சதும் குடுத்தேன். நாலு மாசத்துக்கு மேல ஆச்சே."

அப்படியானால் அவன் பெயர் வந்திருக்க வேண்டும். அவன் உடனே ப்ரோக்ராம் கோடைத் திறக்கப் போனான்.

"அத நான் பாக்குறேன்டா. நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்று விரட்டினேன். "போறேன்க்கா" என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினான்.

ஆள் வருகிறான் என்று ஜாபர் பாயிடம் சொன்னேன். "ஒருத்தன் பத்தாதும்மா, இன்னும் வேணும்ங்கிறாங்க" என்றார்.

கோடைப் பார்த்தேன். தகுதி ஃபில்டரில், கடைசியாகக் கொடுத்த தேதி இன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு முந்தி இருக்க வேண்டும் என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. என் மெஷினில் அதே டேட்டாவை வைத்து ஓட்டினேன். பாண்டி பெயரோடு இன்னும் சிலர் வந்தார்கள். வெப்சைட் ஓடும் சர்வரில் ஓட்டினால் காலி. அவசரத்தில் பாஸ்வேர்டையே இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அங்கே ஒரு பிள்ளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே நான் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகுதான் உறைத்தது. அந்த 'இன்று' எப்போது கணக்கிடப்படுகிறது? எங்கள் மெஷினில் ஒவ்வொரு தடவையும் ஃபைலைப் புதிதாகப் படிக்கும், அதனால் இன்று என்றால் இன்றுதான். சர்வரோ கிளம்பும்போது ஒரே ஒரு முறை படித்துவிட்டு, அன்றைய தேதியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஏறக்குறைய அரை வருஷமாக ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடுகிறது என்று அந்த சர்வரைப் பற்றி எங்களுக்கு ஒரே பெருமை. அது கிளம்பிய பிறகு ரத்தம் கொடுத்த ஒருவர்கூட மறுபடி பட்டியலில் வரவே மாட்டார். பொதுவான வகைகளில் நிறையப் பேர் இருந்ததால் அது தெரியவில்லை. ஓ நெகட்டிவில் இருப்பதே சில பேர். அவர்களைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள், அவர்களும் முகம் சுளிக்காமல் வருவார்கள். அந்த நல்ல மனிதர்களைத்தான் எங்கள் ஃபில்டர் முதலில் தூக்கி எறிந்திருந்தது.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். "பாய், இப்பப் போட்டுப் பாருங்க."

"வந்துருச்சும்மா" என்றவர் அடுத்த வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருப்பார். நான் உட்கார்ந்து கோடைத் திருத்தினேன். நிபந்தனையை லாம்ப்டா என்ற ஓர் உறைக்குள் வைத்தால், கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தேதியைப் புதிதாகக் கணக்குப் போடும். ஒரே ஒரு வரி மாற்றம்.

சாயங்காலம் ஜாபர் பாய் மறுபடி பேசினார். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்களாம். எல்லோரும் பார்க்க நான் அழுதுவிட்டேன். அவர் போனை வைக்கவில்லை.

"ஏம்மா, போன மாசம் அவனியாபுரத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. மகனுக்கு ஆபரேஷன், இதே குரூப்புதான். இல்லன்னு அனுப்பிட்டேன். அப்ப ஆளு இருந்துச்சா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். போன மாதத் தேதியைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். "இருந்துச்சு பாய். பாண்டியும் இன்னொருத்தரும்."

"அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. நம்பர் வாங்கல. இல்லன்னு சொன்னதுக்கப்புறம் நம்பர் எதுக்குன்னு விட்டுட்டேன்."

தப்பான பெயர் வந்தால் யாராவது போன் போட்டுத் திட்டுவார்கள். காலிப் பட்டியல் வந்தால் இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஸ்கோப் எழுதுகிற பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மறுநாளே, ஒவ்வொரு ஃபில்டரைத் தாண்டியதும் எத்தனை பேர் மிச்சம் என்று பட்டியலுக்குக் கீழே காட்டும்படி மாற்றினோம். இல்லையென்று அனுப்ப வேண்டியவர்களிடமும் ஜாபர் பாய் அதற்குப் பிறகு நம்பர் வாங்கி வைத்துக்கொண்டார். அவனியாபுரத்துக்காரர் மட்டும் திரும்ப வரவில்லை.