மாமியார் வீட்டில் தொண்ணூறு நாள்

என் மனைவி ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். குறடு, ஊசி, கண்ணாடி எல்லாவற்றையும் கழுவி, கொதிநீராவியில் வைத்து, கிருமி இல்லாமல் எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. பதினாறு வருஷத்தில் ஒரு நோயாளிக்கும் அவள் கையால் கெடுதல் வந்ததில்லை. அதே கை வீட்டில் பாம்பு வளர்க்கிறது. விஷமில்லாத சின்ன மலைப்பாம்புகள், மொத்தம் பதினொன்று. நான் பஸ் டிரைவர். அவள்மேல் இருந்த ஆசையில் பாம்புகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

புதுப் பாம்பு வந்தால் மற்றவற்றோடு சேர்க்க மாட்டாள். மாடியறையில் தொண்ணூறு நாள் தனியாக வைப்பாள். அதற்கென்று தனி இடுக்கி, தனிக் கிண்ணம், தனிச் செருப்பு. பெட்டிக்குள் மண்ணோ மரத்தூளோ கிடையாது, வெள்ளைக் காகிதம்தான். பூச்சி எது விழுந்தாலும் அதில் தெரியும். பழையவற்றுக்குத் தீனி போட்ட பிறகே புதியதன் பக்கம் போகலாம். மாற்றிச் செய்தேனோ, தொலைந்தேன்! அந்த அறைக்கு நான் வைத்த பெயர் மாமியார் வீடு.

போன வருஷம் பன்னிரண்டாவது வந்தது. தேய்த்து வைத்த பித்தளை மாதிரி அப்படி ஒரு பளபளப்பு. ஐம்பத்தேழாம் நாள் என் தங்கை, வீட்டுக்காரரோடு பத்து நாள் தங்க வந்துவிட்டாள். விருந்தாளிக்கென்று இருப்பது அந்த ஒரே அறை.

"நல்லாத்தானே திங்குது, கீழ கொண்டுபோய் மத்ததோட வையேன்" என்றேன்.

"இன்னும் முப்பத்துமூணு நாள் இருக்குங்க."

"மனுஷனுக்கு இடமில்ல, பாம்புக்குத் தனி ரூமா? நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். ஒண்ணுக்கு வந்தா பதினொண்ணுக்கும் வரும். அப்புறம் எதைக் காப்பாத்துவேன்?"

எங்கள் படுக்கையறையைத் தங்கைக்கு விட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்தாள். எனக்கு மூக்குக்குமேல் கோபம். நாலு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அறுபத்துநாலாம் நாள் காலையில் மாடியிலிருந்து கூப்பிட்டாள். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தது. வெள்ளைக் காகிதத்தில் மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், அத்தனையும் ஊர்ந்தன. ரத்தம் உறிஞ்சும் உண்ணி. என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் வீடு முழுக்கப் பரவியிருக்கும்.

அவள் குளித்து, உடை மாற்றிக்கொண்டு கீழே வந்தாள். கண்ணோரம், தாடைக்கு அடியில், செதில் செதிலாகப் பதினொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற நான் வேண்டாத தெய்வமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"பதினொண்ணும் சுத்தங்க."

அதற்குப் பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்ற பெருமையில் எனக்கும் கண் கலங்கியது. ஒரு வார்த்தை என்னைக் குத்திக்காட்டவில்லை, மகராசி.

"மருந்து போட்டுட்டு மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். இன்னொரு தொண்ணூறு நாள் ரூம் கிடைக்காது" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நூத்தியெண்பதா வெச்சுக்கோ" என்றேன். "எவன் கேக்குறான்னு நானும் பாக்குறேன்!"