நெமானிச் ராஜாக்களும் அண்ணனின் இடது கண்ணும்

என் ஒன்பதாவது வயதில் நான் என் அத்தாவை, என்னைப் பெற்ற தகப்பனை, போலீஸில் பிடித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டிலேயே போலீஸ்காரர் குடியிருந்ததால் அது அவ்வளவு கஷ்டமான காரியமாக இருக்கவில்லை.

அத்தாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி வியாபாரம். வன்னியம்பட்டி, புதுப்பட்டி என்று சுற்றியுள்ள ஊர்களில் பருத்தி வாங்கி, மூட்டை கட்டி, மாட்டு வண்டியில் சாத்தூர் ரயிலடிக்கு அனுப்புவார். வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. பருத்தியை மோந்து பார்த்தாலே தும்மல் வருகிறது என்பான். அவனுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும்.

அந்த ஆசை அம்மா வழியில் வந்தது. அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. இரண்டு பேரும் பட்டாளத்துக்காரர்கள். மூத்தவர் பர்மா ராஜாவைச் சிறைபிடித்த சண்டைக்குப் போனார். அவருடைய தகரப்பெட்டி மட்டும் திரும்பி வந்தது. இளையவர் முழுசாகத் திரும்பி, பென்ஷன் வாங்கிக்கொண்டு, ராஜபாளையத்தில் வீடு கட்டி உட்கார்ந்தார். அண்ணனுக்கு இந்த மாமாதான் கண்ணில் பட்டார், பெட்டி படவில்லை.

இதைப் பற்றி வீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேச்சு, ஏச்சு எல்லாம் அத்தாதான். ஒருநாள் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் சாத்தூருக்கு நடந்தே போய்விட்டான். அத்தா வண்டி கட்டிப் போய், ரயிலடியில் வைத்துப் பிடித்து, கூட்டிவந்து பருத்திக் கிட்டங்கியில் இரண்டு நாள் பூட்டி வைத்தார். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது அண்ணன் வெளியே வந்து, நிதானமாக, "அடுத்த மாசம் ஆள் எடுக்க வாராக. நான் போகத்தான் போறேன்" என்றான்.

அத்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஏலே, பட்டாளத்துப் பக்கம் கண்ணத் திருப்பினே, அந்தக் கண்ணு ஒனக்கு இருக்காது" என்றார். தெருவே கேட்டது. நானும் கேட்டேன்.

அந்த மாதத்தில்தான் மாமா ஹஜ்ஜுக்குப் போய்விட்டு ராஜபாளையம் திரும்பினார். ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். அண்ணன் வரவில்லை. அவனுக்கு முந்தின நாளிலிருந்து இடது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அம்மா வண்டியில் ஏறின பிறகும் இரண்டு தடவை இறங்கி உள்ளே போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மாமா எங்களுக்கு ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தார், பேரீச்சம்பழம் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை கொடுத்தார். ஜித்தாவில் கப்பலுக்காக மூன்று வாரம் காத்துக் கிடந்தபோது அவருடைய கூடாரத்தில் ஒரு வெள்ளைக்கார ஹாஜி தங்கியிருந்தாராம். வெள்ளைத்தோல், பூனைக்கண், ஆனால் ஐந்து வேளையும் தொழுகிறவர். துருக்கி சுல்தான் ஆட்சியில் செர்பியாப் பக்கம் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயருக்குப் 'புதுச்சந்தை' என்று அர்த்தமாம். "நம்ம புதுப்பட்டி மாதிரி வச்சுக்க" என்றார் மாமா. அந்த ஹாஜி துருக்கி மொழியில் பேச, சூரத்து வியாபாரி ஒருவர் அதை இந்துஸ்தானியில் சொல்ல, மாமா அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

அந்த ஹாஜி சிறுபிள்ளையில் ஆடு மேய்த்த மலையில் ஒரு பாழடைந்த கோயில் இருந்தது. ஈசா நபியைக் கும்பிட்ட பழைய கிறிஸ்தவ ராஜாக்கள் கட்டியது. சுவரில் ஒரு கொடி வரைந்திருந்தது. சுரைக்கொடியில் காய் தொங்குவது போல அந்தக் கொடியில் ராஜாக்கள். அடியில் முதல் ராஜா. அவர் மகன், பேரன் என்று மேலே மேலே. நெமானிச் வம்சம் என்று பெயர். அந்தப் பெயரை மாமா நாலு தடவை சொல்லிக் காட்டினார், நானும் சொல்லிப் பழகினேன். தனித்தனி ராஜாக்களின் பெயர்கள் மட்டும் என் வாயில் நிற்கவில்லை. ஆகவே தாத்தா ராஜா, அப்பா ராஜா, மகன் ராஜா என்று வைத்துக்கொண்டேன்.

முதல் ராஜா நல்லவர். நாட்டை மகனிடம் கொடுத்துவிட்டுச் சாமியாராகப் போனார். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கொடுக்கவில்லை. அண்ணனைத் தம்பி எதிர்த்தான். அப்பாவை மகன் இறக்கினான். நூறு வருஷம் இப்படிப் போய், தாத்தா ராஜா வந்தார். நாற்பது கோயில் கட்டினவர். நாலு கல்யாணம் செய்தவர். கடைசியாகக் கட்டிய பெண், இஸ்தம்பூல் ராஜா மகள், அவளுக்கு வயது ஐந்து.

"பல்லு விழாத பிள்ளையவா?" என்றாள் அம்மா.

அந்தத் தாத்தா ராஜாவுக்கு ஒரு மகன். பட்டத்துக்கு அவசரப்பட்டு, அப்பாவை எதிர்த்துப் படை திரட்டினான். தோற்றான். அப்பா அவனைக் கொல்லவில்லை. "பெத்த பிள்ளையில்லையா. அதனால கண்ண மட்டும் எடுக்கச் சொன்னாரு" என்றார் மாமா.

எப்படி என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, இரண்டு பேர் காலைப் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடிக்க என்று மாமா கைகளால் செய்தே காட்டினார். அப்பா என்ற சொல்லும் அந்த இரும்பும் ஒரே வாக்கியத்தில் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா எழுந்துவிட்டாள். "போதும்ப்பா. பொம்பளப்பிள்ள பயப்படுதா" என்றாள். பயந்திருந்தது அவள் முகம்தான்.

ஆனால் கதையை அந்த இடத்தில் விட எனக்கு மனமில்லை. மாமா குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். கண் எடுக்க வந்தவன் இரக்கப்பட்டானோ, கை தவறினானோ, பார்வை முழுக்கப் போகவில்லை. மகன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இஸ்தம்பூலுக்கு நாடு கடத்தப்பட்டுப் போனான். வருஷக்கணக்கில் குருடனாகவே இருந்தான். அப்பா செத்த பிறகு துணியை அவிழ்த்து, "எனக்குக் கண் தெரியும்" என்று சொல்லிப் பட்டத்தில் உட்கார்ந்தான். போட்டிக்கு வந்த தம்பியை ஒழித்தான்.

"பொறவு நல்லா இருந்தாகளா மாமா?"

"பத்து வருஷம் இருந்தாரு. கண்ணுல கட்டோட போனப்போ கையப் புடிச்சுக் கூடப் போன சின்னப் பையன் இருந்தாம்லா, அவன் வளந்து, அப்பன செறையில போட்டுட்டான். அங்க கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாக. அவந்தான் அந்த வம்சத்துலயே பெரிய ராஜா."

மறுநாள் காலையில் அத்தா ஆள் அனுப்பியிருந்தார். அண்ணனுக்குக் கண் வீங்கி மூடிவிட்டது, உடனே வரவும். வண்டியில் அம்மா வழிநெடுக ஓதிக்கொண்டே வந்தாள். வாசலில் வண்டி நிற்கும் முன்பே நான் குதித்து உள்ளே ஓடினேன்.

கூடத்தில் அண்ணன் பாயில் கிடந்தான். மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன் அவன் கால்மேல் உட்கார்ந்திருந்தான். அத்தா தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் தலையை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் சட்டியில் கங்கு. முன்பின் தெரியாத ஒரு மனிதர் கங்கிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். அதன் நுனி சிவந்திருந்தது.

நான் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. தெருவில் ஓடினது நினைவிருக்கிறது. "எங்கத்தா அண்ணன் கண்ண எடுக்காக, எங்கத்தா அண்ணன் கண்ண எடுக்காக" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குள் விழுந்தேன். போலீஸ்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அப்படியே எழுந்து வந்தார். கிட்டங்கிப் பூட்டும் அத்தாவின் ஏச்சும் அவருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் தெரு வந்தது.

கம்பி வைத்திருந்தவர் வன்னியம்பட்டி வைத்தியர். கண்நோய்க்கு நெற்றிப்பொட்டில் சூடு போடுவது அந்தக் காலத்து வைத்தியம். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் அதை விளக்கினார். கூட்டத்தில் யாரோ சிரிக்கக்கூடத் தொடங்கினார்கள். அப்போது வைத்தியர் அண்ணனின் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு. இது தானா வந்த நோவு இல்ல. காரமா என்னமோ உள்ள போயிருக்கு. கண்ணுல மருந்து போட்டது யாரு?" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டான். அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் உதடு அசைந்தது. அத்தா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"நாந்தான் போட்டேன்" என்றார்.

"என்ன மருந்து அது?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"மாட்டுப் புண்ணுக்கு வச்சிருந்தது. தெரியாம மாத்திப் போட்டுட்டேன்."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அம்மா சுவரோடு சரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏதோ சொல்லப் போனாள். அத்தா கையை ஓங்குவது போலத் தூக்கி, "நீ உள்ள போ" என்றார். அதட்டுகிறார், வாயை அடைக்கிறார் என்று நான் நினைத்தேன்.

வழக்கு ஒன்றும் ஆகவில்லை. 'தெரியாமல் நடந்தது' என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போய் மீதிக் கன்னத்தைச் சிரைத்துக்கொண்டார். ஆனால் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பட்டாளத்துக்குப் போகாமல் தடுக்க மகன் கண்ணைப் பொசுக்கினவர் என்று. பள்ளிவாசலில் சிலர் அவருக்குச் சலாம் சொல்வதை நிறுத்தினார்கள். நானோ, அண்ணனைக் காப்பாற்றிய பிள்ளை என்று தெருவில் பேர் வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து அண்ணனிடம் போனேன். கண்ணில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. குனிந்து அவன் காதில், "அண்ணே, தெரியுதுன்னா எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவன் சொல்லும்வரை பொறுக்காமல் நானே துணியைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழி இருந்த இடத்தில் பால்திரை போல ஒரு வெள்ளை. அது என்னைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்தது. துணியை விட்டுவிட்டு ஓடினேன்.

அன்றிலிருந்து அத்தா தொட்டால் என் உடம்பு சுருங்கும். அவர் என்னைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். ராஜபாளையம் போய்வந்தால் எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வருவார். கையில் தராமல் மாடத்தில் வைத்துவிட்டு, நான் எடுப்பதற்காக வேறு பக்கம் போய்விடுவார். கல்யாணமாகி நான் புதுப்பட்டிக்குப் போனபோது, வண்டியில் ஏறுமுன் எல்லாரையும் கட்டிக்கொண்டு அழுதேன். அவரிடம் சலாம் மட்டும் சொன்னேன்.

அண்ணனைப் பட்டாளத்தில் எடுக்கவில்லை. பருத்தி வியாபாரத்தையே பார்த்தான். அத்தாவோடு கடைசிவரை ஒரே கடையில் உட்கார்ந்தான். கண்ணைப் பறித்தவரோடு எப்படி உட்கார்ந்து சோறு தின்கிறான் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பயம் என்று நினைத்துக்கொள்வேன்.

அத்தா போனார். பதினோரு வருஷம் கழித்து அம்மாவும் போனாள். அவளுடைய நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, விருந்தாளிகள் கிளம்பிய பிறகு, அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம். அவன் தலை நரைத்துவிட்டது. ஏதோ ஊர்ப்பேச்சுப் போலத்தான் ஆரம்பித்தான்.

"அந்த வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குக் கெளம்பையில அம்மா என் கண்ணுக்குச் சுருமா மை போட்டுவிட்டா. பட்டாளத்துல மொதல்ல கண்ணத்தான் பாப்பாகன்னு நாந்தான் அவகிட்டச் சொல்லியிருந்தேன். எடது கண்ணுல குச்சி பட்டதுமே தீயா எரிஞ்சுச்சு. சுருமாவுல காரத்தக் கலந்து போட்டா கொஞ்சம் செவக்கும், ஆள் எடுக்கையில தள்ளிருவாக, ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு அவளுக்கு யாரோ சொல்லியிருக்காக. வலது கண்ணுக்கு வந்தா. முடியல. குச்சியக் கீழ போட்டுட்டு என் தலையப் புடிச்சுக்கிட்டா."

"அத்தாவுக்கு?" என்று கேட்டேன்.

"வைத்தியர் கேட்ட அன்னைக்குத்தான் தெரியும். அம்மா மொகத்தப் பாத்தாரு. அம்புட்டுத்தான். அதுக்குப் பொறவு இருந்த வரைக்கும் அவகிட்ட அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லண்ணே. நான் அவரத் தொட்டே பேசல."

அண்ணன் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான். "நானும் சொன்னேன், ஒங்கிட்டயாவது சொல்லிருவோம்னு. அத்தாதான் வேண்டாம்னாரு. 'அது சின்னப்பிள்ள. எங்கிட்டப் பயந்தா அவ அம்மாகிட்ட ஓடும். அம்மாகிட்டப் பயந்தா எங்க ஓடும்?' னாரு."